கூட்டாட்சி கண்ட ஜேம்ஸ் மேடிசன்

நுழையும்முன்

பலர் கூடி வாழும் இடத்தில் பொதுவான அதிகாரம் ஒன்று தேவைப்படுகிறது. அவ்வதிகாரம் அளவு மீறினால் மக்களின் உரிமை அழிகிறது. அளவிற் குறைந்தால் கூட்டே சிதைகிறது. இவ்விரு தீங்குகளுக்கும் இடையில் ஒரு வழியைக் காண மனித குலம் நெடுங்காலமாக முயன்று வந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டில் அம்முயற்சியில் ஈடுபட்டு, மக்களாட்சியையும் கூட்டாட்சியையும் ஓர் அரசமைப்பிற்குள் இணைக்க உழைத்தவர் ஜேம்ஸ் மேடிசன். அமெரிக்க அரசமைப்பின் தந்தை எனப் போற்றப்படும் அவருடைய வாழ்வையும் எண்ணங்களையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

ஜேம்ஸ் மேடிசன் 1751ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தார். அந்நாளில் வர்ஜீனியா, ஆங்கிலேயரின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்றப் பகுதிகளுள் ஒன்று. பன்னிரண்டு குழந்தைகளுள் மூத்தவர் மேடிசன். அவருடைய தந்தை பெரிய புகையிலைத் தோட்டத்தின் உரிமையாளர். அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் அத்தோட்டத்தில் உழைத்தனர். பிற்காலத்தில் மாண்ட்பிலியர் என்று பெயர்பெற்ற அத்தோட்ட இல்லமே மேடிசனின் வாழ்நாள் முழுவதும் அவருடைய உறைவிடமாயிற்று.

சிற்றுருவமும் மெலிந்த உடலும் தாழ்ந்த குரலும் கொண்டவர் அவர். மேடையேறி முழங்கும் ஆற்றல் அவருக்கு வாய்க்கவில்லை. ஆழ்ந்து படிக்கும் ஆற்றல் வாய்த்திருந்தது. 1769ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் நகரில் அமைந்த நியூஜெர்சிக் கல்லூரியில் சேர்ந்த அவர், பட்டப்படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். அதன் பின்னரும் வீடு திரும்பாமல், கல்லூரித் தலைவர் ஜான் விதர்ஸ்பூனிடம் எபிரேய மொழியும் அரசியல் தத்துவமும் பயின்றார். கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளிலும் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். பழங்கால அரசுகள் எழுந்த வரலாற்றையும் வீழ்ந்த வரலாற்றையும் மூல நூல்களிலேயே படித்தறிய இம்மொழியறிவு பின்னாளில் அவருக்கு உதவியது.

சலுகையன்று, உரிமை

கல்லூரியிலிருந்து ஊர் திரும்பிய மேடிசன், வர்ஜீனியாவில் கண்ட காட்சி ஒன்றினால் மனம் வருந்தினார். அங்கு இங்கிலாந்துத் திருச்சபையே அரசின் ஆதரவு பெற்ற சமய அமைப்பாக இருந்தது. அதனைச் சாராத பாப்டிஸ்டு போதகர்கள், உரிய அனுமதியின்றிச் சமயவுரை ஆற்றினார்கள் என்பதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டனர். மேடிசன் அப்பிரிவைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் ஒருவரின் மனச்சான்றில் தலையிட அரசுக்கு அதிகாரம் இல்லை என்னும் கருத்து அவருள் வேரூன்றியது.

1776ஆம் ஆண்டு பதின்மூன்று குடியேற்றப் பகுதிகளும் விடுதலையை அறிவித்தன. அவ்வாண்டு வர்ஜீனியா தனக்கென உரிமைப் பிரகடனம் ஒன்றை இயற்றியது. அதன் வரைவைத் தயாரித்தவர் ஜார்ஜ் மேசன். சமய வழிபாட்டைப் பொறுத்துக்கொள்ளுதல் என்னும் பொருள்படும் சொல் அவ்வரைவில் இடம்பெற்றிருந்தது. இருபத்தைந்து வயது உறுப்பினராகிய மேடிசன் அச்சொல்லில் இருந்த குறையைக் கண்டார். பொறுத்துக்கொள்பவர் மேலே இருக்கிறார். பொறுத்துக்கொள்ளப்படுபவர் கீழே இருக்கிறார். இன்று பொறுப்பவர் நாளை பொறுக்க மறுக்கலாம். எனவே சமய நம்பிக்கை எல்லோருக்கும் சமமாக உரிய உரிமை என்று திருத்துமாறு அவர் கேட்டார். அத்திருத்தம் ஏற்கப்பட்டது. சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்திய அச்சிறு மாற்றமே அவருடைய பொதுவாழ்வின் முதற்பெரும் பணியாகும்.

மறு ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். வாக்காளர்களுக்கு மது வழங்குவது அக்கால வர்ஜீனியாவில் வேட்பாளர்களின் வழக்கம். மேடிசன் அதனைச் செய்ய மறுத்துவிட்டார். அதுவே தோல்விக்குக் காரணமாயிற்று என்பர்.

கட்டுறுதியற்ற கூட்டமைப்பு

1780ஆம் ஆண்டு, விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், மேடிசன் மாநிலங்களின் பொதுப்பேரவைக்கு உறுப்பினராகச் சென்றார். பதின்மூன்று மாநிலங்களும் கூட்டமைப்பு விதிகள் என்னும் உடன்பாட்டினால் 1781ஆம் ஆண்டு முதல் இணைக்கப்பட்டிருந்தன. ஆனால் அவ்விணைப்பு மிகவும் தளர்வானது. அரசரின் கொடுங்கோன்மையை எதிர்த்துப் போராடிய மாநிலங்கள், இன்னொரு வலிய அரசு உருவாவதை விரும்பவில்லை.

பொதுப்பேரவைக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. அது மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம். விதிகளில் ஒரு திருத்தம் செய்ய வேண்டுமானால் பதின்மூன்று மாநிலங்களும் ஒருமனதாக இசைய வேண்டும். இறக்குமதிப் பொருள்களுக்கு 5 விழுக்காடு வரி விதிக்கும் அதிகாரத்தைப் பேரவைக்கு அளிக்கும் முயற்சி, மிகச் சிறிய மாநிலமாகிய ரோட் தீவின் மறுப்பால் 1782ஆம் ஆண்டு தடைப்பட்டது.

இதன் விளைவுகளை மேடிசன் நேரில் கண்டார். போரில் குருதி சிந்திய வீரர்களுக்கு ஊதியம் கொடுக்கப் பேரவையிடம் பணம் இல்லை. 1783ஆம் ஆண்டு ஊதியம் பெறாத வீரர்கள் பிலடெல்பியாவில் பேரவை கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டனர். உறுப்பினர்கள் நகரைவிட்டு வெளியேறிப் பிரின்ஸ்டனில் கூட நேர்ந்தது. மாநிலங்கள் ஒன்றன் வணிகத்தின்மீது மற்றொன்று வரி விதித்தன. துறைமுக வசதி குறைந்த நியூஜெர்சி, தன் இருபுறத்து அண்டை மாநிலங்களின் துறைமுகங்களுக்கும் வரி செலுத்தி வாடியது. வெளிநாடுகளோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளைச் சில மாநிலங்கள் மதிக்கவில்லை. விடுதலை பெற்ற நாடு, தன் கூட்டைக் காத்துக்கொள்ள இயலாமல் தடுமாறியது.

நூல்களில் தேடிய விடை

இந்நோய்க்கு மருந்து என்ன என்று அறிய மேடிசன் வரலாற்றை நாடினார். அப்போது பாரிசில் தூதராக இருந்த அவருடைய நண்பர் தாமஸ் ஜெபர்சன், மேடிசனின் வேண்டுகோளுக்கிணங்கப் பெட்டிகளில் நூல்களை அனுப்பிவைத்தார். பண்டைய கூட்டமைப்புகளைப் பற்றியும் புதிய கூட்டமைப்புகளைப் பற்றியும் கிடைத்த நூல்களை எல்லாம் மேடிசன் 1786ஆம் ஆண்டு மாண்ட்பிலியரில் அமர்ந்து ஆராய்ந்தார். லிசியக் கூட்டமைப்பு, கிரேக்க நகர அரசுகளின் ஆம்பிக்டியானிக் கூட்டமைப்பு, அக்கேயக் கூட்டமைப்பு, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, ஜெர்மானியப் பேரரசு ஆகியவற்றின் அமைப்பைத் தனித்தனியே குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றின் குறைபாட்டையும் இறுதியில் எழுதிவைத்தார்.

அக்குறிப்புகளிலிருந்து ஓர் உண்மை புலப்பட்டது. பெரும்பாலான கூட்டமைப்புகள், உறுப்பு அரசுகளுக்கு மட்டுமே ஆணையிட்டன. அவ்வரசுகளில் வாழும் மக்களோடு அவற்றிற்கு நேரடித் தொடர்பு இல்லை. உறுப்பு அரசு ஒன்று ஆணையை மீறினால், அதனைப் பணியவைக்கப் படையெடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. படையெடுத்தால் கூட்டு உடையும். வாளாவிருந்தால் கூட்டு பெயரளவிற்கு மட்டுமே நிற்கும். ஆகவே பொது அரசு என்பது மாநிலங்களுக்கு இடையிலான உடன்படிக்கையாக மட்டும் இருத்தல் கூடாது. மக்களிடமிருந்து நேரடியாக அதிகாரம் பெற்று, மக்கள்மீது நேரடியாகச் செயற்படும் அரசாக இருத்தல் வேண்டும் என அவர் முடிவுசெய்தார்.

1786ஆம் ஆண்டு செப்டம்பரில் வணிகச் சிக்கல்களைப் பேச அன்னாபொலிசு நகரில் கூட்டப்பட்ட மாநாட்டிற்கு ஐந்து மாநிலங்களிலிருந்து பன்னிருவரே வந்தனர். வந்தவர்கள் மறு ஆண்டு பிலடெல்பியாவில் பெரிய மாநாடு ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று வேண்டினர். அதே காலத்தில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கடனால் நொந்த உழவர்கள் கிளர்ச்சியில் இறங்கினர். அச்செய்தி நாடெங்கும் அச்சத்தை விளைவித்தது. மாற்றம் இனியும் தாழ்த்தக்கூடியதன்று என்பதைப் பலரும் உணர்ந்தனர்.

பிலடெல்பியா மாநாடு

1787ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் மாநாடு தொடங்கியது. ரோட் தீவைத் தவிர மற்றப் பன்னிரண்டு மாநிலங்களிலிருந்து 55 பேர் பங்கேற்றனர். ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை தாங்கினார். எண்பத்தொரு வயது பெஞ்சமின் பிராங்ளினும் அவையில் இருந்தார். முப்பத்தாறு வயது மேடிசன் பிறருக்கு முன்பாகவே நகரை அடைந்து, தம் மாநில உறுப்பினர்களோடு கலந்து திட்டம் ஒன்றை வகுத்திருந்தார். வர்ஜீனியாத் திட்டம் எனப்படும் அதனை எட்மண்ட் ராண்டால்ப் மே 29ஆம் நாள் அவையில் வைத்தார். பழைய விதிகளைத் திருத்துவதற்கென்று கூடிய மாநாடு, அத்திட்டத்தினால் புதிய அரசமைப்பையே உருவாக்கும் பணிக்குத் திரும்பியது.

மாநாட்டு நிகழ்ச்சிகள் வெளியாருக்குத் தெரிவிக்கப்படவில்லை. மேடிசன் தலைவரின் இருக்கைக்கு எதிரே, இருபுறத்துப் பேச்சும் செவியில் விழும் இடத்தில் அமர்ந்தார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் கூறியவற்றைக் குறிப்பெடுத்தார். அவற்றை விரிவாக எழுதிவைத்தார். தம்மை எதிர்த்தவர்களின் வாதங்களையும் விடாமல் பதிவுசெய்தார். முன்னைய கூட்டமைப்புகளைப் பற்றிய செய்திகள் முழுமையாகக் கிடைக்காமல் தாம் பட்ட துன்பம், வருங்காலத் தலைமுறைக்கு நேரக் கூடாது என்பது அவருடைய எண்ணம். இன்று அம்மாநாட்டைப் பற்றி அறிய அவருடைய குறிப்புகளே முதன்மையான சான்றாக விளங்குகின்றன.

தோல்வியும் இணக்கமும்

மாநாட்டில் மேடிசன் மிகவும் விரும்பிய இரண்டு கருத்துகள் தோல்வியுற்றன. சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மக்கள்தொகைக்கு ஏற்பவே மாநிலங்களுக்கு இடங்கள் அமைய வேண்டும் என்பது முதற்கருத்து. மாநிலச் சட்டங்களைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பொது அரசுக்கு வேண்டும் என்பது இரண்டாவது கருத்து.

முதற்கருத்தைச் சிறிய மாநிலங்கள் கடுமையாக எதிர்த்தன. வர்ஜீனியாவின் மக்கள்தொகை டெலாவேரின் மக்கள்தொகையைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலானது. மக்கள்தொகை ஒன்றே அளவுகோலானால் பெரிய மாநிலங்களின் முடிவே என்றும் முடிவாகும் எனச் சிறிய மாநிலங்கள் அஞ்சின. சமமான இடங்களே அளிக்கப்பட்டால், சிறிய மாநிலத்தில் வாழும் ஒருவரின் குரல், பெரிய மாநிலத்தில் வாழும் பலரின் குரலை விஞ்சிவிடும் என மேடிசன் வாதிட்டார். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பல வாரங்கள் நீடித்த வாதம் மாநாட்டையே முறித்துவிடும் நிலைக்குச் சென்றது.

ஜூலை 16ஆம் நாள், ஒரே மாநில வாக்கு வேறுபாட்டில், இணக்கம் ஒன்று ஏற்கப்பட்டது. கீழவையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள். மேலவையில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் சமமான இடங்கள் என்பதே அவ்விணக்கம். மேடிசன் இதனை எதிர்த்து வாக்களித்த தரப்பைச் சேர்ந்தவர். மாநிலச் சட்டங்களைத் தள்ளுபடி செய்யும் அதிகாரமும் மறுநாளே நிராகரிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக, அரசமைப்பே நாட்டின் உயர்ந்த சட்டம் என்னும் விதி இடம்பெற்றது. சட்ட மீறலை நீதிமன்றங்கள் தீர்க்கும் வழி பிறந்தது.

தம் எண்ணம் நிறைவேறாமை குறித்த ஏமாற்றத்தை மேடிசன் ஜெபர்சனுக்கு எழுதிய மடல்களில் வெளியிட்டார். எனினும் அவர் அவையை விட்டு வெளியேறவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, தாம் விரும்பிய தெருவழியே தேர் செல்லவில்லை என்பதற்காக வடத்தை விட்டுவிடுபவர் அல்லர் அவர். செப்டம்பர் 17ஆம் நாள் 39 பேர் கையொப்பமிட்டனர். அவர்களுள் மேடிசனும் ஒருவர்.

ஏடுகளில் நடந்த போராட்டம்

ஒன்பது மாநிலங்கள் ஒப்புதல் அளித்தால் மட்டுமே அரசமைப்பு நடைமுறைக்கு வரும். நாடெங்கும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதனை எதிர்கொள்ள அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜான் ஜே ஆகிய இருவரோடு மேடிசனும் இணைந்து, பப்ளியஸ் என்னும் புனைபெயரில் நியூயார்க் இதழ்களில் கட்டுரைகள் எழுதினார். அக்கட்டுரைகள் 85. அவற்றுள் 29 கட்டுரைகளை மேடிசன் எழுதியதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். தாம் எதிர்த்த மேலவைச் சமநிலையையும் கூட்டாட்சியின் பகுதியாக ஏற்று, அதற்குரிய நியாயத்தை அவர் அக்கட்டுரைகளில் விளக்கினார்.

அரசியல் சிந்தனை வரலாற்றில் இடம்பெற்ற கருத்து ஒன்றினை 10ஆம் கட்டுரை முன்வைத்தது. குடியரசு என்பது சிறிய நிலப்பரப்பில் மட்டுமே நிலைக்கும் எனப் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ கூறியிருந்தார். பலரும் அதனை மறுக்க முடியாத உண்மையாகக் கருதினர். மேடிசன் அதனைத் தலைகீழாக்கினார். சிறிய நாட்டில் ஒரே நலம் கொண்ட ஒரு குழுவினர் எளிதில் பெரும்பான்மையாகிப் பிறரை ஒடுக்கிவிட முடியும். பரந்த நாட்டில் உழவர், வணிகர், கைவினைஞர், கடன் கொடுத்தோர், கடன்பட்டோர், பல்வேறு சமயத்தார் எனப் பல நலன்கள் உள்ளன. அவற்றுள் எந்த ஒன்றும் தனித்துப் பெரும்பான்மையாதல் அரிது. எனவே குடியரசுக்குப் பரப்பும் பன்மையும் பகையல்ல, அவையே பாதுகாப்பு.

51ஆம் கட்டுரை அதிகாரப் பகிர்வை விளக்கியது. மக்களின் அதிகாரம் முதலில் பொது அரசு, மாநில அரசு என இரண்டாகப் பிரிகிறது. பின்னர் ஒவ்வோர் அரசிலும் சட்டமியற்றுதல், ஆளுதல், நீதி வழங்குதல் எனப் பிரிகிறது. ஒன்றை மற்றொன்று கண்காணிப்பதால் மக்களுக்கு இரட்டைக் காப்பு கிடைக்கிறது. ஆள்வோர் நல்லவராக இருப்பர் என்னும் நம்பிக்கையை மட்டும் சார்ந்து அரசை அமைத்தல் ஆகாது என்பது இக்கட்டுரையின் சாரம்.

எதிர்ப்பில் விளைந்த உரிமைகள்

1788ஆம் ஆண்டு ஜூன் மாதம் வர்ஜீனியாவின் ஒப்புதல் மாநாடு கூடியது. அந்நாளில் நாடறிந்த சொற்பொழிவாளராகிய பாட்ரிக் ஹென்றி அரசமைப்பை எதிர்த்து முழங்கினார். மேடிசனின் குரல் அவ்வப்போது குறிப்பெடுப்போரின் செவிகளுக்கே எட்டவில்லை. ஆயினும் அவர் விதி விதியாக எடுத்து அமைதியாக விளக்கினார். இறுதியில் 89 பேர் ஆதரவாகவும் 79 பேர் எதிராகவும் வாக்களித்தனர்.

எதிர்த்தவர்களின் குறைகளுள் ஒன்று வலிமை மிக்கது. தனிமனித உரிமைகளைக் காக்கும் பிரகடனம் அரசமைப்பில் இல்லை என்பதே அது. ஜார்ஜ் மேசன் கையொப்பமிட மறுத்ததற்கும் அதுவே ஒரு காரணம். ஜெபர்சனும் பாரிசிலிருந்து அதனையே வலியுறுத்தினார். ஏட்டில் எழுதிய உரிமைகள், பெரும்பான்மையினரின் ஆவேசத்தைத் தடுக்க மாட்டா என்று மேடிசன் தொடக்கத்தில் கருதினார். பின்னர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். எழுதப்பட்ட உரிமை காலப்போக்கில் மக்களின் மனத்தில் பதியும். நீதிமன்றங்கள் அதனைக் கைக்கொண்டு காக்கும் என உணர்ந்தார்.

1789ஆம் ஆண்டு கீழவைத் தேர்தலில் தம் நண்பர் ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்துப் போட்டியிட்டு, 336 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். உரிமைகளைச் சேர்ப்பதாக வாக்காளர்களுக்கு அளித்த உறுதியை அவர் மறக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 8ஆம் நாள் திருத்தங்களை அவையில் முன்மொழிந்தார். அரசமைப்பு நிறைவேறிய பின் இது எதற்கு என்று தம் தரப்பினரே அலுத்துக்கொண்டபோதும் விடாமல் முயன்றார். பேச்சுரிமை, எழுத்துரிமை, சமய உரிமை, முறையான நீதி விசாரணை பெறும் உரிமை முதலியவற்றைக் காக்கும் பத்துத் திருத்தங்கள் 1791ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. தோற்றவர்களின் அச்சத்தையும் அரசமைப்பிற்குள் கொண்டுவந்ததனால், முன்பு எதிர்த்தவர்களுள் பலரும் அதனைத் தமதாகக் கருதத் தொடங்கினர்.

தெரிந்து தெளிவோம்

1789ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமன்றம் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பிய திருத்தங்கள் பன்னிரண்டு. உறுப்பினர்களின் ஊதிய மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும் என்னும் திருத்தம் போதிய ஒப்புதலின்றி நின்றுவிட்டது. 1982ஆம் ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அத்திருத்தம் இன்னும் உயிரோடு உள்ளது எனத் தம் கட்டுரையில் எழுதினார். பின்னர் மாநிலச் சட்டமன்றங்களுக்கு மடல்கள் எழுதி ஆதரவு திரட்டினார். மேடிசன் முன்மொழிந்து 200 ஆண்டுகள் கடந்த பின், 1992ஆம் ஆண்டு அது 27ஆம் திருத்தமாக நிறைவேறியது.

ஆட்சிப் பொறுப்பில்

பொது அரசை வலுப்படுத்தப் பாடுபட்ட மேடிசன், அவ்வரசு எல்லை மீறியபோது எதிர்க்கவும் தயங்கவில்லை. 1798ஆம் ஆண்டு அரசைக் குறைகூறி எழுதுவோரைத் தண்டிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதனைக் கண்டித்து வர்ஜீனியாச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானங்களை எழுதியவர் அவரே.

ஜெபர்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது எட்டு ஆண்டுகள் வெளியுறவுப் பொறுப்பை ஏற்ற மேடிசன், 1809 முதல் 1817 வரை நாட்டின் நான்காம் குடியரசுத் தலைவராக விளங்கினார். 1812ஆம் ஆண்டு இங்கிலாந்தோடு போர் மூண்டது. 1814ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஆங்கிலப் படை தலைநகருக்குள் புகுந்து, சட்டமன்றக் கட்டடத்தையும் குடியரசுத் தலைவர் மாளிகையையும் எரித்தது. போருக்குப் போதிய ஆயத்தமின்றி நாட்டை ஈடுபடுத்தினார் என்ற பழி அவருக்கு ஏற்பட்டது. வடகிழக்கு மாநிலங்களின் தலைவர்கள் போரை வெளிப்படையாகக் கண்டித்தனர். ஆயினும் எதிர்த்து எழுதியோரைச் சிறையிலடைக்கும் சட்டம் எதனையும் அவர் கொண்டுவரவில்லை. தலைநகர் எரிந்த காலத்திலும் எழுத்துரிமைக்கு அவர் தடை விதிக்கவில்லை.

ஆறாத வடு

மேடிசனின் வாழ்வில் மறைக்கக் கூடாத குறை ஒன்று உண்டு. எல்லோருக்கும் உரிய உரிமையைப் பற்றி எழுதிய அவர், நூற்றுக்கும் மேற்பட்ட மக்களை அடிமைகளாக வைத்திருந்த தோட்டத்தின் உரிமையாளர். அடிமைமுறை தீது என்பதை அவர் அறிந்திருந்தார். அதனைப் பலமுறை ஒப்புக்கொண்டும் இருந்தார். ஆயினும் தம் விருப்ப ஆவணத்தில்கூட அவர்களை விடுவிக்கவில்லை.

அரசமைப்பிலும் அக்கறை படிந்தது. கீழவை இடங்களைக் கணக்கிடும்போது அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கு சேர்க்கப்படும் என்னும் விதி ஏற்கப்பட்டது. வாக்குரிமையற்ற அம்மக்களின் எண்ணிக்கை, அவர்களை அடிமைப்படுத்தியோரின் அரசியல் வலிமையைப் பெருக்கியது. மாநிலங்களுக்கு இடையில் இணக்கம் கண்ட மாநாட்டில், அவ்விணக்கத்தின் விலையைச் சுமந்த மக்களுக்கு இருக்கை இல்லை. அவர்களுடைய கருத்து கேட்கப்படவும் இல்லை. அடிமைமுறையை ஒழித்து நாட்டின் ஒற்றுமையைக் காக்க 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழக்க வேண்டியதாயிற்று.

மேடிசன் 1836ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் மாண்ட்பிலியரில் காலமானார். அரசமைப்பில் கையொப்பமிட்டவர்களுள் கடைசியாக உயிரோடிருந்தவர் அவரே. இறுதி நேரத்தில் அவர் அருகில் இருந்தவர்களுள் ஒருவர் பால் ஜென்னிங்ஸ். அவர் மேடிசனின் வீட்டில் அடிமையாகப் பிறந்து, அவருக்குப் பணியாளாக வாழ்ந்தவர். 1847ஆம் ஆண்டுதான் ஜென்னிங்ஸ் விடுதலை பெற்றார். வறுமையுற்றிருந்த மேடிசனின் மனைவி டாலிக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்து அவர் சிறு உதவிகளும் செய்தார். 1865ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நினைவுக்குறிப்புகளே மேடிசனின் இறுதிக் காலத்தை நமக்குக் காட்டுகின்றன.

உலகிற்குக் கிடைத்த பாடம்

மேடிசனின் மாநாட்டுக் குறிப்புகள் அவர் மறைவிற்குப் பின், 1840ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. அதற்குள் அவருடைய கருத்துகள் கடல் கடந்திருந்தன. அவர் ஆராய்ந்த கூட்டமைப்புகளுள் ஒன்றாகிய சுவிட்சர்லாந்து, 1848ஆம் ஆண்டு அமெரிக்க முறையைத் தழுவி இரண்டு அவைகள் கொண்ட கூட்டாட்சியை அமைத்துக்கொண்டது. ஒருவர் கற்ற இடத்திற்கே அவருடைய கல்வி திரும்பிச் சென்ற நிகழ்ச்சி அது. 1867ஆம் ஆண்டு கனடாவும் 1901ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவும் தத்தம் தேவைக்கேற்பக் கூட்டாட்சி முறையை ஏற்றன.

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு, பல நாட்டு அனுபவங்களை ஆராய்ந்து தனக்குரிய வழியை வகுத்துக்கொண்டது. அமெரிக்காவில் பொது அரசுக்கு வழங்கப்படாத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது. இந்தியாவில் எஞ்சிய அதிகாரம் ஒன்றிய அரசுக்கு உரியது. அமெரிக்க மேலவையில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் இரண்டு இடங்கள்; நம் மாநிலங்களவையில் உத்தரப்பிரதேசத்திற்கு 31 இடங்கள், தமிழ்நாட்டிற்கு 18 இடங்கள், கோவாவிற்கு ஓரிடம். அமெரிக்க அரசமைப்பு தன் தொடக்கத்தில் அடிமைமுறைக்கு இடம் கொடுத்தது. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு உருவாக்கிய நம் அரசமைப்போ, தீண்டாமையைத் தன் 17ஆம் பிரிவிலேயே ஒழித்தது. பிறர் கண்ட வழியைக் கற்பதோடு, பிறர் செய்த பிழையையும் கற்பதே வரலாற்றறிவு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மாநிலங்களின் ஒற்றுமையைப் பேணிக் காக்க வேண்டும் என்னும் அறிவுரையை மேடிசன் தம் நாட்டு மக்களுக்காக எழுதி வைத்திருந்தார். தம் மறைவிற்குப் பின்னரே அது வெளிப்பட வேண்டும் எனவும் விரும்பினார். அவர் விரும்பிய அரசமைப்பு முழுமையாக அவருக்குக் கிடைக்கவில்லை. அவரை எதிர்த்த சிறிய மாநிலங்களும், உரிமைப் பிரகடனம் கேட்டவர்களும், பின்னாளில் அடிமைத்தளையை அறுக்கப் போராடியவர்களும் அதனைத் திருத்தி வளர்த்தனர். இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்தும் அது நிலைத்திருப்பதற்கு, திருத்திக்கொள்ள அதில் அமைந்திருந்த அவ்வழியே காரணமாகும்.

கற்பவை கற்றபின்

1. சலுகை, உரிமை ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அன்றாட வாழ்வில் காணும் எடுத்துக்காட்டுகளோடு வகுப்பில் கலந்துரையாடுக.

2. அமெரிக்க மேலவையில் மாநிலங்களுக்குச் சமமான இடங்கள் உள்ளன. இந்திய மாநிலங்களவையில் மக்கள்தொகையை ஒட்டி இடங்கள் வேறுபடுகின்றன. இவ்விரு முறைகளுள் சிறந்தது எது என்பது குறித்து இரு குழுக்களாகப் பிரிந்து வாதிடுக. பின்னர், எதிர்க்குழுவின் வாதங்களைத் தொகுத்து எழுதுக.

3. மேடிசனின் பணிகளையும் குறைகளையும் ஒருங்கே மதிப்பிட்டு, நடுவுநிலையோடு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.